கிருமியைக் கொல்வதா, கழுவி விடுவதா?

சோப்பு வாங்கும்போது உறையின் முன்பக்கத்தைப் பார்க்காதவர்கள் யார்? சிரிக்கிற குழந்தை, வெள்ளைக் கோட்டு டாக்டர், பூதக்கண்ணாடிக்கு அடியில் நெளிகிற பச்சைப் புழுக்கள், '99.9 சதவீதக் கிருமிகள் ஒழியும்' என்ற உறுதிமொழி! ஆனால் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்த சகோதரிகள் எத்தனை பேர்? அங்கேதான், எறும்பு ஊர்ந்த மாதிரிப் பொடி எழுத்தில், உள்ளே என்னென்ன கலந்திருக்கிறது என்று போட்டிருக்கும். கைக்குழந்தை இருக்கிற வீட்டில் அந்தப் பொடி எழுத்தைப் படிப்பது, அரிசியில் கல் பொறுக்குவதைவிட முக்கியமான வேலை.

நான் இருப்பது ஏற்காட்டை அடுத்த நாகலூரில். சுற்றிலும் காப்பித் தோட்டம், சில்வர் ஓக் மரங்களில் ஏறிய மிளகுக் கொடி. பார்க்க வருகிறவர்களுக்கு இது சொர்க்கம்தான். துணி துவைத்துக் காயப்போடுகிறவளுக்குத்தான் மலைவாசத்தின் மறுபக்கம் தெரியும்! ஐப்பசி பிறந்து மழையும் மூடுபனியும் சேர்ந்துகொண்டால், குழந்தையின் இடுப்புத் துணி மூன்று நாளானாலும் காயாது. ஈரவாடை அடிக்கும். வாடை என்றாலே கிருமி என்று ஒரு பயம். அதனால் துணி அலசுகிற தண்ணீரில் கிருமிநாசினி ஒரு மூடி, குழந்தை குளிக்கிற தண்ணீரில் ஒரு மூடி, தரை துடைக்கிற வாளியில் இரண்டு மூடி என்று பழக்கம் தொற்றிக்கொள்கிறது.

எங்கள் மகளிர் குழுவில் ஒரு நாள் இந்தப் பேச்சு வந்தது. வீட்டில் உள்ள சோப்பு, திரவம், பொடி எல்லாவற்றையும் எடுத்து வரச் சொன்னேன். அடேயப்பா! திண்ணை நிறைந்துவிட்டது. கை கழுவ ஒன்று, குளிக்க ஒன்று, பாத்திரத்துக்கு ஒன்று, கழிப்பறைக்கு ஒன்று, கைப்பையில் வைத்துக்கொள்ள ஒன்று. எதை எடுத்தாலும் 'கிருமிகளைக் கொல்லும்' என்ற வாசகம்.

"அத்தே, சாதா சோப்பு போட்டா புள்ளைக்குச் சளி, பேதி வந்துடாதுங்களா? டி.வி.யில அப்படித்தானே காட்டுறாங்க!" என்று கேட்டாள் கைக்குழந்தைக்காரி ஒருத்தி.

"எங்க காலத்துல என்னத்தக் கண்டோம்? சீயக்காயும் சாம்பலுந்தான். ஒம்போது புள்ள பெத்தேன்" என்றாள் மூலையில் உட்கார்ந்திருந்த ஆயா.

"ஒம்போதுல எத்தனை தங்குச்சு, ஆயா?"

"அஞ்சு."

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

இந்த இரண்டு பேருக்குமே நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டும். கிருமிக்கொல்லி இல்லாத சோப்பு போதுமா என்பது சின்னவளின் கேள்வி. பழைய காலத்து வழி எல்லாமே நல்லதுதானா என்பது, ஆயா கேட்காமல் கேட்ட கேள்வி.

சோப்பு என்ன செய்கிறது?

முதலில் ஒரு விஷயத்தை மனத்தில் பதிய வைத்துக்கொள்ளுங்கள். கை சுத்தமாவதற்குக் கிருமி சாக வேண்டியதில்லை. கையை விட்டுப் போனால் போதும்.

எண்ணெயும் காரமும் சேர்ந்தால் சோப்பு. அதன் துகளுக்கு ஒரு முனை எண்ணெய்ப் பசையைப் பிடிக்கும். இன்னொரு முனை தண்ணீரைப் பிடிக்கும். நாம் கையைத் தேய்க்கும்போது அழுக்கும் எண்ணெய்ப் பசையும் அதில் ஒட்டியிருக்கிற கிருமியும் தோலைவிட்டு எழும்புகின்றன. தண்ணீர் ஊற்றினால் எல்லாம் ஒன்றாகப் போய்விடுகிறது. சில கிருமிகளுக்குக் கொழுப்பால் ஆன மேலுறை உண்டு. 2020ல் உலகத்தையே ஆட்டிப் படைத்த கொரோனா வைரஸ் அந்த ரகம். சாதாரண சோப்பே அந்த உறையைப் பிய்த்துப் போட்டுவிடும்.

சளிக்கும், குழந்தைகளின் பேதியில் பெரும் பங்குக்கும் காரணம் வைரஸ்கள். 'ஆன்டிபாக்டீரியல்' என்று போட்டிருக்கிற சோப்பில் உள்ள மருந்து பாக்டீரியாவுக்காகச் சேர்க்கப்பட்டது. ஆக, எதற்குப் பயந்து அதை வாங்குகிறோமோ, அதற்கும் அந்த மருந்துக்கும் அவ்வளவாகச் சம்பந்தமே இல்லை!

கராச்சியில் ஒரு பரீட்சை

"சரி, இதெல்லாம் பேச்சு. செய்து பார்த்தவர்கள் உண்டா?" என்று கேட்பீர்கள். உண்டு. அதுவும் நம்மைப் போன்ற தட்பவெப்பமும் நெருக்கடியும் உள்ள ஊரில்.

பாகிஸ்தானின் கராச்சி நகரத்துக் குடிசைப் பகுதிகளில் சுமார் 900 குடும்பங்களைத் தேர்ந்தெடுத்தார்கள். 300 குடும்பங்களுக்குச் சாதாரண சோப்பு; 300 குடும்பங்களுக்கு டிரைக்ளோகார்பன் என்ற கிருமிக்கொல்லி 1.2 சதவீதம் கலந்த சோப்பு. மிச்சமுள்ளவர்களுக்குச் சோப்பு கொடுக்கவில்லை. சோப்பு பெற்றவர்களுக்குக் கை கழுவும் முறையையும் சொல்லிக் கொடுத்து, வாராவாரம் போய்ப் பார்த்தார்கள். முடிவு 2005ல் 'லான்செட்' என்ற மருத்துவ இதழில் வெளிவந்தது. சோப்புப் போட்டுக் கழுவிய வீடுகளில் குழந்தைகளுக்கு வந்த பேதி, மற்ற வீடுகளைவிடப் பாதிக்கும் மேல் குறைந்திருந்தது. ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு வரும் நிமோனியாவும் பாதியாகக் குறைந்தது. சாதா சோப்பு வீட்டுக்கும் மருந்து சோப்பு வீட்டுக்கும் என்ன வித்தியாசம்? ஒன்றுமில்லை!

காப்பாற்றியது மருந்தல்ல, கழுவிய கைதான்.

இதற்குப் பதினோரு வருஷம் கழித்து, 2016 செப்டம்பரில், அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் ஒரு முடிவுக்கு வந்தது. டிரைக்ளோஸான், டிரைக்ளோகார்பன் உட்பட 19 கிருமிக்கொல்லிகளை வீட்டு உபயோகத்துக்கான கைகழுவும், குளிக்கும் சோப்புகளில் இனிமேல் சேர்க்கக் கூடாது என்று உத்தரவிட்டது. காரணம் என்ன தெரியுமா? தினமும், வருஷக்கணக்கில் போட்டுக்கொண்டாலும் கெடுதல் இல்லை என்பதையும், வெறும் சோப்பையும் தண்ணீரையும் விட இவை மேல் என்பதையும் நிரூபியுங்கள் என்று கம்பெனிகளிடம் கேட்டிருந்தார்கள். இரண்டையும் அவர்களால் நிரூபிக்க முடியவில்லை.

எங்கிருந்து வந்தது இந்த டிரைக்ளோஸான்?

1960களில் சுவிட்சர்லாந்தில் உருவானது. 1970களில் ஆஸ்பத்திரிகளில், ஆபரேஷனுக்கு முன் டாக்டர்கள் கை கழுவுகிற சோப்பில் சேர்த்தார்கள். அங்கே அதற்கு வேலை இருந்தது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டியது. குளியல் சோப்பு, பற்பசை, வியர்வை நாற்றத்துக்கான ஸ்ப்ரே, காலுறை, காய் நறுக்கும் பலகை, பிளாஸ்டிக் பொம்மை என்று ஒன்றையும் விடவில்லை.

இது கிருமியை எப்படிக் கொல்கிறது என்று 1998ல் அமெரிக்காவின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டாக்டர் ஸ்டூவர்ட் லெவி குழுவினர் கண்டுபிடித்தார்கள். பாக்டீரியா தன் மேலுறைக்கு வேண்டிய கொழுப்பைத் தயாரிக்க ஒரு என்ஸைம் தேவை. டிரைக்ளோஸான் போய் அந்த ஒன்றில் மாட்டிக்கொண்டு வேலையை நிறுத்திவிடும். பூட்டுக்குள் சாவி நுழைகிற மாதிரி. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பூட்டு ஒன்றே ஒன்று என்றால் ஆபத்தும் அதில்தான். கிருமி அந்தப் பூட்டைக் கொஞ்சம் மாற்றிக்கொண்டால் சாவி நுழையாது! அப்படி மாறிய பாக்டீரியாக்களை ஆய்வுக்கூடத்தில் அவர்கள் பார்த்தார்கள். காசநோய்க்குக் கொடுக்கிற ஐசோனியாசிட் மாத்திரை தாக்குவதும் இதே வகையைச் சேர்ந்த என்ஸைமைத்தான்.

நம் குழந்தைக்கு நாளைக்கு நிஜமாகவே நிமோனியா வந்தால், டாக்டர் கொடுக்கிற மருந்து கேட்க வேண்டும். கிருமிகளுக்குத் தினம் தினம் கொஞ்சம் கொஞ்சமாக விஷம் காட்டிப் பழக்கிவிட்டு, அன்றைக்கு மருந்து கேட்கவில்லையே என்று அழுது என்ன பிரயோஜனம்?

உடம்புக்குள் போகிறதா?

போகிறது. அமெரிக்காவில் 2003, 2004 ஆண்டுகளில் ஆறு வயதுக்கு மேற்பட்ட 2,500க்கும் அதிகமானவர்களின் சிறுநீரைப் பரிசோதித்தபோது, நான்கில் மூன்று பேரிடம் டிரைக்ளோஸான் இருந்தது. ஸ்வீடனில் தாய்ப்பாலிலும் கண்டார்கள்.

இதைப் படித்துவிட்டு எந்தத் தாயும் பால் கொடுப்பதை நிறுத்திவிடாதீர்கள்! கண்ட அளவு மிகச் சொற்பம். தாய்ப்பாலுக்கு ஈடு உலகத்தில் எதுவும் இல்லை. நிறுத்த வேண்டியது சோப்பைத்தான், பாலை அல்ல.

மிருகங்களிடம் செய்த சோதனைகளில் இது தைராய்டு ஹார்மோனைத் தொந்தரவு செய்வதைப் பார்த்திருக்கிறார்கள். எலிகளுக்குத் தைராய்டு சுரப்பு குறைந்தது. 2006ல் கனடா விஞ்ஞானிகள் தலைப்பிரட்டைகளில் சோதித்தார்கள். தலைப்பிரட்டை தவளையாவது தைராய்டு ஹார்மோனின் வேலை. அந்த வளர்ச்சியே ஒழுங்கு மாறிப் போயிற்று. எலிக்கு வந்தது மனுஷிக்கும் வரும் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் கர்ப்பிணிக்கும் வளரும் குழந்தைக்கும் தைராய்டு எவ்வளவு முக்கியம் என்று டாக்டரிடம் போனவர்களுக்குத் தெரியும். லாபமே இல்லாத ஒரு பொருளுக்காக இந்தச் சந்தேகத்தை ஏன் விலைக்கு வாங்க வேண்டும்?

இப்படி ஒரு பாடத்தை உலகம் முன்பே ஒரு தடவை படித்திருக்கிறது. டிரைக்ளோஸானுக்கு முன்னால் ஹெக்ஸாகுளோரோஃபீன் என்ற கிருமிக்கொல்லி பிரபலம். மேல்நாட்டு ஆஸ்பத்திரிகளில் பிறந்த குழந்தையை அதில்தான் குளிப்பாட்டினார்கள். 1972ல் பிரான்சில், ஒரு குழந்தைப் பவுடரில் அது தவறுதலாக 6 சதவீதம் கலந்துவிட்டது. தோல் வழியாகவே உடம்புக்குள் ஏறி மூளையைத் தாக்கியது. 36 பச்சிளம் சிசுக்கள் இறந்து போயின. அதே ஆண்டு அமெரிக்காவில் அதைக் கடையில் தாராளமாக விற்பதை நிறுத்தி, டாக்டர் சீட்டு இருந்தால்தான் என்று ஆக்கினார்கள். குழந்தையின் தோல் நம் தோலைப்போலத் தடித்ததல்ல. அதன்மேல் பூசுவது உள்ளே போகும் என்பதை ஒருநாளும் மறக்கக் கூடாது.

ஆற்றில் போனது ஆற்றோடு போகவில்லை

சேர்வராயன் மலையில் நாங்கள் கொட்டுகிற தண்ணீர் எங்கே போகிறது? திருமணிமுத்தாறும் சரபங்காவும் இந்த மலையில் பிறந்து காவிரியில் கலக்கின்றன. வடக்கே இறங்கும் வாணியாறு தென்பெண்ணைக்குப் போகிறது. மலையில் துவைத்த தண்ணீர் கீழே யாருக்கோ குடிதண்ணீர்.

திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் காவிரி, வெள்ளாறு, தாமிரபரணி ஆறுகளிலும் பிச்சாவரம் அலையாத்திக் காட்டிலும் 72 இடத்துத் தண்ணீரை எடுத்துப் பரிசோதித்து, 2011ல் முடிவை வெளியிட்டார்கள். இந்திய ஆறுகளில் டிரைக்ளோஸானைத் தேடிய முதல் ஆய்வுகளில் இது ஒன்று. தாமிரபரணியில்தான் அதிகம், லிட்டருக்குச் சராசரி 944 நானோகிராம். ஒரு நானோகிராம் என்பது ஒரு கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு. தொழிற்சாலைக் கழிவு காரணமாக இருக்கலாம் என்றார்கள். கடுகளவு கூட இல்லையே என்று தோன்றும். ஆனால் பாசிக்கும் மீனுக்கும் அந்தக் கடுகளவே பெரிசு. தேடிய ரசாயனங்களில் நீர்வாழ் உயிர்களுக்கு அதிக ஆபத்து டிரைக்ளோஸானால்தான் என்பது அவர்கள் முடிவு.

அப்படியானால் கிருமிநாசினியே வேண்டாமா?

வேண்டும். வேண்டிய இடத்தில் கட்டாயம் வேண்டும். அதைக் கற்றுக் கொடுத்ததே பிரசவ வார்டுதான். 1847ல் வியன்னா நகர ஆஸ்பத்திரியில் டாக்டர் செம்மல்வைஸ் என்பவர், பிணப் பரிசோதனை செய்துவிட்டு நேரே பிரசவம் பார்க்க வருகிற டாக்டர்கள் குளோரின் கலந்த தண்ணீரில் கை கழுவியே ஆக வேண்டும் என்று சட்டம் போட்டார். 1846ல் அந்த வார்டில் நூற்றுக்குப் பதினோரு தாய்மார்கள் இறந்தார்கள். 1848ல் இரண்டு பேருக்கும் குறைவு!

ஆகவே ஆபரேஷன், பிரசவம், வெட்டுக்காயம், ஆஸ்பத்திரி, வீட்டில் ஒருவருக்கு வாந்திபேதி கண்டபோது கழிப்பறை: இங்கெல்லாம் டாக்டர், நர்சம்மா சொல்கிறபடி கிருமிநாசினி பயன்படுத்துங்கள். தண்ணீரும் சோப்பும் கிடைக்காத பிரயாணத்தில் 60 சதவீதத்துக்குக் குறையாத ஆல்கஹால் உள்ள கைத்திரவம் நல்லது. ஆனால் குழந்தையின் தினசரிக் குளியல் தண்ணீரில் மூடி மூடியாக ஊற்றுவது வேண்டவே வேண்டாம். எங்கள் ஊரில் ஒரு குழந்தைக்கு அப்படி ஊற்றியே முதுகெல்லாம் சிவந்து தோல் உரிந்தது.

கடையில் எதைப் பார்த்து வாங்குவது?

உறையின் பின்பக்கத்தில் டிரைக்ளோஸான், டிரைக்ளோகார்பன் என்ற இரண்டு பெயரையும் தேடுங்கள். டிரைக்ளோகார்பனை டி.சி.சி. என்று சுருக்கியும் போடுவார்கள். இப்போது பல தயாரிப்புகளில் இவற்றுக்குப் பதில் பென்ஸால்கோனியம் குளோரைடு, குளோராக்ஸைலினால் போன்றவை இருக்கின்றன. 2016 தடையில் இவை சேரவில்லை. மேலும் ஆராய வேண்டும் என்று தள்ளி வைத்தார்கள். என்னைக் கேட்டால், தினசரிக் கை கழுவ இவையும் தேவையில்லை.

அடுத்து, டி.எஃப்.எம். என்ற எண்ணைப் பாருங்கள். சோப்பில் உள்ள மொத்தக் கொழுப்புப் பொருளின் அளவு அது. இந்தியத் தர நிர்ணயப்படி முதல் தரக் குளியல் சோப்புக்கு 76 சதவீதம், இரண்டாம் தரத்துக்கு 70, மூன்றாம் தரத்துக்கு 60. 'பேதிங் பார்' என்று போட்டிருந்தால் 40 இருந்தாலே போதும் என்பது விதி. குழந்தைக்கு முதல் தரமாக, வாசனை குறைவானதாக வாங்குங்கள்.

வீட்டிலேயே செய்து கொள்ளலாம்

பூந்திக்கொட்டைத் தண்ணீர்: பத்துப் பன்னிரண்டு பூந்திக்கொட்டையைத் தட்டி விதையை எடுத்துவிட்டு, தோலை ஐந்து டம்ளர் தண்ணீரில் இரவே ஊறப்போடுங்கள். காலையில் கால் மணி நேரம் கொதிக்க விட்டு, ஆறியதும் நன்றாகப் பிசைந்து வடிகட்டுங்கள். பட்டுப் புடவை, ஸ்வெட்டர், கம்பளி, பாத்திரம், தங்க நகை எல்லாவற்றுக்கும் ஏற்றது. உப்புத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது, இது நுரைக்கும். வெளியில் இரண்டு நாள், ஃபிரிட்ஜில் ஒரு வாரம் இருக்கும். கண்ணில் பட்டால் எரியும். கைக்குழந்தையைக் குளிப்பாட்ட வேண்டாம். மீன் வளர்க்கிற தொட்டியிலோ குளத்திலோ கொட்டாதீர்கள், மீனுக்கு ஆகாது.

சீயக்காய்த் தூள்: சீயக்காய் 1 கிலோ, பயத்தம்பருப்பு கால் கிலோ, வெந்தயம் 100 கிராம், காய்ந்த எலுமிச்சைத் தோல், செம்பருத்தி இலை இரண்டு கைப்பிடி. வெயிலில் சருகாகக் காய வைத்து மிஷினில் அரைத்துக்கொள்ளுங்கள். தலைக்குப் போக மிச்சம் பாத்திரம் தேய்க்கவும் உதவும்.

ஆரஞ்சுத்தோல் வினிகர்: எங்கள் மலை ஆரஞ்சுக்குப் பேர்போனது. தோலை எறியாமல் கண்ணாடி ஜாடியில் போட்டு, மூழ்கும்வரை வெள்ளை வினிகர் ஊற்றி மூடி, இரண்டு வாரம் வைத்து வடிகட்டுங்கள். பாதிக்குப் பாதி தண்ணீர் சேர்த்துத் துடைத்தால் ஸிங்க், டைல்ஸ், குழாயில் படிந்த உப்புக்கறை போகும். மார்பிள், மொசைக் தரையில் படக்கூடாது, அரித்துவிடும்.

பித்தளைக்குப் புளியும் உப்பும். காய் நறுக்கும் பலகை வாடைக்குச் சோடா உப்பைத் தூவித் தேய்த்து வெந்நீரில் கழுவினால் போதும்.

மூடுபனிக்காலத்து ஈரத்துணி: இதுதானே எங்கள் தலைவலி! வெள்ளைப் பருத்தித் துணியைச் சோப்புப் போட்டுத் துவைத்து, பெரிய பாத்திரத்தில் பத்து நிமிஷம் கொதிக்க விடுங்கள். ஒட்டப் பிழிந்து, சமையலறைச் சூட்டில் கொடி கட்டி உலர்த்தி, நன்றாகச் சூடான இஸ்திரிப் பெட்டியால் இருபுறமும் தேயுங்கள். ஒரு மூடி திரவம் செய்கிற வேலையைவிட இது மேல்.

குடிக்கிற தண்ணீர்: ஏற்காட்டின் உயரம் சுமார் 1,500 மீட்டர். இந்த உயரத்தில் தண்ணீர் 100 டிகிரிக்குப் போகாது. சுமார் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். கிருமி சாக அது போதும். ஆனாலும் மலைவாசிகள் தளதளவென்று கொதி வந்தபின் மூன்று நிமிஷம் விட்டு இறக்கினால் நிம்மதி.

இயற்கை என்றாலே நல்லதா?

இனி ஆயாவின் கேள்விக்கு வருகிறேன். பழசெல்லாம் பொன் என்றிருந்தால் ஒன்பது பிள்ளையும் தங்கியிருக்க வேண்டுமே! தொப்புள் கொடியில் சாம்பலும் சாணியும் வைத்ததால் இசிவு கண்டு போன சிசுக்கள் அந்தக் காலத்தில் எத்தனையோ. சுத்தமான பிரசவமும், கர்ப்பிணிகளுக்குப் போடும் தடுப்பூசியும்தான் அதை அடக்கின. தாய்க்கும் சிசுவுக்கும் வரும் இந்த இசிவு நோய், பொதுச் சுகாதாரப் பிரச்னையாக இல்லாத அளவுக்கு இந்தியாவில் குறைந்துவிட்டது என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது 2015ல்தான். தொப்புளில் எதுவும் வைக்காமல் சுத்தமாக, உலர்வாக விடுங்கள்.

வேப்பெண்ணெய் மருந்துதான், ஆனால் குழந்தைக்கு உள்ளே கொடுக்கக் கூடாது. மலேசியாவில் நம் இந்தியக் குடும்பங்களில் சின்னச் சளிக்கு அதைக் கொடுத்து, குழந்தைகளுக்கு வாந்தி, மயக்கம், வலிப்பு வந்ததை 1980களின் ஆரம்பத்தில் டாக்டர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். வசம்பை உரைத்து நாக்கில் தடவுவதும், கற்பூரத்தைக் குழைத்து நெஞ்சில் தேய்ப்பதும் வலிப்பில் கொண்டுபோய் விடலாம். நீலகிரித் தைலம் குழந்தை கைக்கு எட்டக் கூடாது. குழந்தைத் துணி பெட்டியில் அந்துருண்டை வேண்டாம். சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே ஒரு என்ஸைம் குறைவாக இருக்கும், அவர்களுக்கு அந்த நெடி ரத்த அணுக்களையே உடைத்துவிடும். காய்ந்த வேப்பிலையோ நொச்சி இலையோ மெல்லிய துணியில் முடிந்து போடுங்கள்.

இன்னொரு முக்கிய எச்சரிக்கை. பிளீச்சிங் பவுடரோடு கழிப்பறை ஆசிட்டையோ வினிகரையோ ஒருபோதும் கலக்காதீர்கள். குளோரின் வாயு கிளம்பி மூச்சை அடைத்துவிடும்.

பேதிக்கு வழி என்ன? ரோட்டா வைரஸ் சொட்டு மருந்து 2016 முதல் தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் சேர்ந்து, அரசு மையங்களில் இலவசமாகக் கிடைக்கிறது. கொதித்து ஆறிய தண்ணீர், தாய்ப்பால், பேதி கண்டதும் உப்புச் சர்க்கரைக் கரைசல், கூடவே கழுவிய கை. இவ்வளவுதான்.

கழிப்பறை போய் வந்ததும், குழந்தைக்குக் கால் கழுவி விட்டதும், சமைக்குமுன், பரிமாறுமுன், குழந்தைக்கு ஊட்டுமுன் சோப்புப் போட்டு விரல் இடுக்கு, நகக்கண், கட்டைவிரல், மணிக்கட்டு எல்லாம் இருபது விநாடி தேயுங்கள். மனசுக்குள் ஒன்றிலிருந்து இருபதுவரை நிதானமாக எண்ணினால் சரியாக இருக்கும். வீட்டில் பேச ஆரம்பித்திருக்கிற பிள்ளை இருந்தால், எண்ணுவதை அதனிடம் விட்டுவிடுங்கள். கையும் சுத்தமாகும், கணக்கும் வரும்!